சுண்ணாம்பு படிந்த வால்வைச் சுரண்டி எடுத்துவிட முடியாதா?

(நம் அறநிலையத்தின் ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற இருதய அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் ஒரு டாக்டரை ஏற்றினால், இனிப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். இன்று பந்தியில் பாயசம் உண்டென்று எனக்குத் தெரியும். ஆகவே அந்தப் பேச்சை நான் எடுக்கப்போவதில்லை. உங்களுக்கு நான் சொல்லியாக வேண்டிய ஒரு பதில் இருக்கிறது. அதற்காகவே வந்தேன்.

ஈராண்டுகளுக்கு முன் நம் மருத்துவ நிதிக்கு ஒரு விண்ணப்பம் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 69 வயது அம்மையார். சிறுநீரகம் பழுதாகி, எட்டு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொண்டிருந்தவர். இருதய வால்வில் சுண்ணாம்பு கட்டிக்கொண்டு, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாலே மூச்சு வாங்கும் நிலை. நீங்கள் மனமுவந்து கொடுத்தீர்கள். ஒரே மாதத்தில் அறுவைக்கு வேண்டிய தொகை சேர்ந்துவிட்டது. அதன் பிறகு, அறுவை வேண்டாம் என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். நிதியின் ஆலோசகன் என்ற முறையில் அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு.

அது உங்களில் சிலருக்கு மனவருத்தத்தைத் தந்தது. பணம் சேர்ந்த பிறகும் ஏன் செய்யவில்லை? ஏழை என்பதால் கைவிட்டார்களா? அறங்காவலர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். "டாக்டர், கெட்டில்ல சுண்ணாம்பு பிடிச்சா எங்க வீட்டுல புளி போட்டுக் கழுவி எடுக்கிறாங்க. இவ்வளவு படிச்ச நீங்க, இருதயத்துல பிடிச்சதைச் சுரண்டி எடுத்துட முடியாதா?"

நியாயமான கேள்வி. இருதய அறுவை மருத்துவமும் இதே கேள்வியை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னைத் தானே கேட்டுக்கொண்டு வருகிறது. சில இடங்களில் முடியும், சில இடங்களில் முடியாது, சில இடங்களில் முடிந்தாலும் கூடாது என்பதுதான் கிடைத்த விடை. என் கைப்பட நடந்த சிலவற்றை வைத்து அதை விளக்க முயல்கிறேன்.

இருதயத்தில் நான்கு அறைகள், நான்கு வால்வுகள். ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவுகள் அவை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,00,000 தடவை திறந்து மூடுகின்றன. எழுபது வயதில் அந்தக் கணக்கு 250 கோடியைத் தாண்டிவிடும். இன்று நமக்கு இரண்டு வால்வுகளே முக்கியம். ஒன்று பெருந்தமனி வால்வு. இருதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் புறப்படும் வாசலில் இருப்பது, மூன்று இதழ்கள் கொண்டது. மற்றொன்று மைட்ரல் வால்வு. நுரையீரலில் சுத்தமாகி வந்த ரத்தம் இடது மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கும் வாசல் அது. இதழ்கள் இரண்டு. அவை பாராசூட்டின் துணியைப் போல மெல்லிய நாண்களால் கீழறையின் தூண் தசைகளோடு கட்டப்பட்டிருக்கும். கிறிஸ்துவ ஆயர்கள் அணியும் மைட்டர் என்ற தொப்பியைப் போல் இருப்பதாகக் கண்டு, 16ஆம் நூற்றாண்டில் வெசாலியஸ் என்ற உடற்கூற்று அறிஞர் வைத்த பெயர் இது.

நல்ல இதழ் நனைந்த பட்டுத் துணி போலிருக்கும். கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சுண்ணாம்பு முற்றிய ஓர் இதழை நான் முதன்முதலில் விரலால் தொட்டபோது என் கையுறை கிழிந்தது.

கெட்டிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்ல வேண்டும். கெட்டிலில் படிவது தண்ணீரிலிருந்த உப்பு. அது வெளியிலிருந்து வந்து ஒட்டுகிறது. வால்வில் நடப்பது அதுவல்ல. இதழுக்குள்ளேயே வாழும் உயிரணுக்கள், வயதாலோ நோயாலோ காயப்பட்டு, எலும்பை உண்டாக்கும் உயிரணுக்களைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. வெட்டியெடுத்த வால்வுகள் சிலவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அசல் எலும்பே தெரியும், அதன் நடுவில் மச்சைகூட இருக்கும். கதவின் மேல் யாரும் சுண்ணாம்பு பூசவில்லை. கதவே கல்லாகிக்கொண்டிருக்கிறது.

பாலும் கீரையும் நெத்திலியும் சாப்பிடுவதால் இது வருகிறதா என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. இல்லை. உணவில் உள்ள கால்சியத்தின் மேல் பழி போடாதீர்கள். வால்வுக்குப் பயந்து பாலை நிறுத்திய ஒரு பாட்டி, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். முதுமை, பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்களோடு அமைந்த வால்வு, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல், சிறுநீரகப் பழுது ஆகியவையே முக்கியக் காரணங்கள். இதைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை தடுக்குமோ என்று பெரிய அளவில் ஆராய்ந்து பார்த்தார்கள். 2008இல் வெளிவந்த முடிவு, தடுக்கவில்லை என்பதே.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? பெருந்தமனி வால்வு வெகுவாகச் சுருங்கி, மார்வலி வந்தவருக்குச் சராசரியாக ஐந்து ஆண்டு, மயக்கம் வந்தவருக்கு மூன்று ஆண்டு, மூச்சுத்திணறல் முற்றியவருக்கு இரண்டு ஆண்டு ஆயுள் என்று 1968இல் அமெரிக்க மருத்துவர்கள் ராஸும் பிரான்வால்டும் எழுதினார்கள். மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்தக் கணக்கை மனப்பாடம் செய்கிறார்கள்.

இனி, சுரண்டிப் பார்த்த கதைக்கு வருகிறேன்.

சுருங்கிய வால்வுக்குள் கைவைக்கத் துணிந்த முதல் தலைமுறை, துடிக்கும் இருதயத்துக்குள் கண்ணால் பாராமல் விரலை விட்டது. பிலடெல்பியாவில் சார்ல்ஸ் பெய்லி என்பவர் இப்படி முயன்று, அடுத்தடுத்து நோயாளிகளை இழந்தார். 1948 ஜூன் 10ஆம் தேதி காலையில் ஒருவர் இறந்தார். ஒருவேளை தமக்குத் தடை வந்துவிடும் என்று அஞ்சி, அதே நாளில் வேறொரு மருத்துவமனைக்குச் சென்று இன்னொருவருக்குச் செய்தார். அந்த இளம்பெண் பிழைத்தார், பல்லாண்டுகள் வாழ்ந்தார். பெய்லி செய்தது துணிச்சலா, பிடிவாதமா என்று எனக்கு இன்றும் தீர்மானிக்க முடியவில்லை. எப்படியாயினும், ஒட்டிக்கொண்ட இதழ்களை விரல் பிரிக்கும், கல்லாகிப் போனதை விரல் பிரிக்காது. 1953இல் கிப்பன் என்பவர் இருதய-நுரையீரல் இயந்திரத்தை வெற்றிகரமாகப் பயன்படுத்திய பிறகே, இருதயத்தை நிறுத்தி, திறந்து, கண்ணால் பார்த்து வேலை செய்ய முடிந்தது. உடனே பலரும் குறடும் கத்தியும் கொண்டு பெருந்தமனி வால்வைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். கொஞ்ச காலத்திலேயே அது மறுபடி இறுகிவிடும். 1960இல் ஹார்க்கனும் ஸ்டாரும் செயற்கை வால்வுகளைப் பொருத்திக் காட்டியதும், சுரண்டுவதை விட்டு மாற்றுவதே வழக்கமாயிற்று.

ஆனால் ஆசை விடவில்லை. 1980களில் அல்ட்ராசவுண்ட் அதிர்வால் கட்டியை நொறுக்கி உறிஞ்சும் ஒரு கருவியை, மூளை அறுவைக்காரர்களிடமிருந்து நாங்கள் வாங்கிக்கொண்டோம். அப்போது நான் பிரிட்டனில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். 1988ஆம் ஆண்டு. அறுபது வயதைத் தாண்டிய ஒரு தபால்காரர். என் ஆசான் அந்தக் கருவியின் முனையை இதழின் மேல் வைத்தார். கண் முன்னே சுண்ணாம்பு தூளாகிக் கரைந்தது. முக்கால் மணி நேரத்தில் கல்லெல்லாம் போய், மூன்று இதழ்களும் துவைத்த துணி போலத் தொங்கின. அதைவிட அழகான ஒரு காட்சியை அறுவைக் கூடத்தில் அதுவரை நான் கண்டதில்லை. இதை நம் நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அன்றிரவு என் மனைவியிடம் சொன்னேன்.

பதினான்கு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். வால்வு இப்போது சுருங்கியிருக்கவில்லை. மூடவே மறுத்தது. சுண்ணாம்பை நொறுக்கிய அதே அதிர்வு இதழின் மேற்பரப்பையும் புண்ணாக்கியிருந்தது. புண் ஆறும்போது தழும்பு இழுக்கும் அல்லவா? மூன்று இதழ்களும் ஓரத்துக்குச் சுருண்டுபோய், நடுவில் ஒன்றையொன்று தொடவில்லை. திறந்து செயற்கை வால்வு வைத்தோம். அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. மற்ற நாடுகளிலும் இதே அனுபவந்தான். சில ஆண்டுகளில் அந்த முறை கைவிடப்பட்டது. அந்தத் தபால்காரர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நான்தான் வெகு நாள் அவர் முகத்தைப் பார்க்கத் தயங்கினேன்.

எனவே பெருந்தமனி வால்வு முற்றக் கல்லானால், வெட்டியெடுத்துவிட்டு வேறு வைப்பதே வழி. அறுவை தாங்காத முதியவர்களுக்கு இன்னொரு வழி வந்திருக்கிறது. பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே என்பவர் 2002இல் முதன்முதலாகச் செய்தது. காலிலுள்ள ரத்தக்குழாய் வழியாக மடித்த வால்வைக் கொண்டுபோய், உள்ளே விரிப்பது. இதில் வேடிக்கை என்னவென்றால், சுண்ணாம்பை அவர்கள் எடுப்பதே இல்லை. ஓரமாக நெருக்கித் தள்ளிவிடுகிறார்கள். புது வால்வு நழுவாமல் பிடித்துக்கொள்வதே அந்தச் சுண்ணாம்புதான். சுரண்டிச் சுரண்டித் தோற்ற எங்களுக்கு இது ஒரு பாடம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் தவறு, ஏனென்றால் கேட்கத் தயங்கி மனத்துக்குள் வைத்துக்கொண்டு வருந்தியவர்களை நான் கண்டிருக்கிறேன். மனிதருக்கு வைக்கும் உயிர்த்திசு வால்வுகளில் பெரும்பாலானவை பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இருதய உறையிலிருந்தோ செய்யப்படுபவை. கோயில் காரியங்களில் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு பெரியவர், அறுவைக்கு முதல் நாள் என்னைத் தனியே அழைத்து, "டாக்டரையா, இது பசுவோட தோலுன்னு பேசிக்கிறாங்களே, நிஜமா?" என்று கேட்டார். மாட்டின் இருதயத்தைச் சுற்றியுள்ள உறை என்று மறைக்காமல் சொன்னேன். உலோக வால்வும் இருக்கிறது, ஆனால் ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்றும் சொன்னேன். அறுவையை ஒரு வாரம் தள்ளிப் போட்டார். திரும்பி வந்து, "அது பாலைக் குடிச்சுத்தானே வளர்ந்தேன், இந்தக் கடனும் சேர்ந்து இருக்கட்டும்" என்று கையெழுத்திட்டார். இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலைப் பெற்று, உலோக வால்வே போதும் என்றார். இரண்டையும் நான் மதித்தேன். தோக்கியோவில் ஒசாக்கி என்ற மருத்துவர் 2007 முதல், நோயாளியின் சொந்த இருதய உறையையே வெட்டி, குளூட்டரால்டிஹைட் கரைசலில் பத்து நிமிடம் பதப்படுத்தி, அச்சு வைத்து அளவெடுத்து, மூன்று இதழ்களைத் தைத்துவிடுகிறார். எல்லாருக்கும் ஏற்றதல்ல, எங்கும் கிடைப்பதுமல்ல. ஆயினும் தையற்காரர் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த வேலையைப் பார்க்கப் பார்க்க ஆசை தீரவில்லை.

பெருந்தமனி வால்வில் தோற்ற சுரண்டல், மைட்ரல் வால்வில் பலிக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ருமாட்டிக் காய்ச்சல் என்பது பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டை வலியில் தொடங்கும். தொண்டையைத் தாக்கிய கிருமியை எதிர்க்க உடம்பு கிளப்பிய படை, வால்வையும் எதிரி என்று எண்ணித் தாக்கிவிடுகிறது. பத்து, இருபது ஆண்டுகளில் இதழ்கள் தடித்து, மூலைகளில் ஒட்டிக்கொண்டு, இரண்டு விரல் தாராளமாக நுழையும் வாசல் மீன் வாய் போலக் குறுகிவிடும். தோட்டப்புறங்களில் எத்தனையோ பிள்ளைகள், டிரெஸர் கொடுத்த மருந்துத் தண்ணீரோடு தொண்டை வலியை மறந்துவிட்டு, பின்னாளில் பிள்ளைப்பேற்றின்போது மூச்சுத் திணறி வந்தார்கள்.

1994இல் அப்படி ஒரு பெண் வந்தார். வயது 24. தகப்பனாரும் தாயாரும் பால்மரம் வெட்டியவர்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு நோய் தெரியும். நல்ல மனிதர்கள், அறுவை முடிந்து ஆறு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். பலூன் வைத்து விரிக்கும் முறை அப்போதே இருந்தது. ஜப்பானியரான இனோவே 1982இல் தொடங்கியது. ஆனால் மூலைகளில் சுண்ணாம்பு கட்டியிருந்தால் பலூன் தப்பான இடத்தில் கிழித்துவிடும். இந்தப் பெண்ணுக்கு இரு மூலையிலும் சுண்ணாம்பு.

உலோக வால்வு வைத்திருந்தால் அறுவை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் உலோக வால்வு என்றால் வார்ஃபரின். கருவுற்ற ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அந்த மருந்து குழந்தையின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும். நிறுத்தினாலோ வால்வில் ரத்தம் உறைந்து தாய்க்கு ஆபத்து. உயிர்த்திசு வால்வு வைத்தால் வார்ஃபரின் வேண்டாம், ஆனால் இளம் வயதில் அது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தானே சுண்ணாம்பு பிடித்துக் கெட்டுவிடும். மீண்டும் நெஞ்சைத் திறக்க வேண்டும். ஆகவே அவருடைய வால்வையே காப்பாற்றப் பார்த்தேன்.

இரு மூலைகளையும், ஒட்டியிருந்த தடத்திலேயே, வளையத்துக்குச் சில மில்லிமீட்டர் முன்னால் நிறுத்திப் பிளந்தேன். அங்கே மிளகு போலச் சுண்ணாம்புக் கட்டிகள். சிறு குறடால் துளித் துளியாகக் கடித்தெடுத்தோம். ஒவ்வொரு துணுக்குக்கும் என் உதவியாளர் உறிஞ்சு குழாயைப் பிடித்தபடி நின்றார். ஒன்று தவறிப்போய் மூளைக்குச் சென்றால் பக்கவாதம். பிறகு இதழின் மேல் படர்ந்திருந்த தடித்த தழும்பை, வெங்காயத் தோலை உரிப்பது போல உரித்தோம். உரிக்க உரிக்க உள்ளே அசல் இதழ் வளைந்து கொடுத்தது. அந்தக் கணத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிப்போன நாண்களைப் பிரித்து, தூண் தசையைக் கீறிவிட்டோம். சுண்ணாம்பு எடுத்த இடத்தில் விழுந்த ஓட்டையை அவருடைய சொந்த இருதய உறைத் துண்டால் அடைத்து, வாசலைச் சுற்றி ஒரு வளையம் தைத்தோம். கீழறைக்குள் உப்புநீரைப் பீய்ச்சிப் பார்த்தால் ஒரு சொட்டுகூட மேலே வரவில்லை.

இங்கே சுரண்டல் பலித்ததற்குக் காரணம், சுண்ணாம்பு மூலையில் இருந்தது, இதழின் உடல் இன்னும் உயிரோடு இருந்தது. மைட்ரல் இதழ்கள் பரந்தவை, ஓரத்தில் கொஞ்சம் இழந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று படிய மிச்சம் இருக்கும். பெருந்தமனி இதழுக்கு அந்த மிச்சம் இல்லை. கோலாலம்பூரில் 1992இல் தொடங்கப்பட்ட தேசிய இருதயக் கழகத்தில் டாக்டர் அஸ்ஹாரி யாக்கூப் குழுவினர் இத்தகைய வேலையைப் பெருமளவில் செய்து, ருமாட்டிக் வால்வைப் பழுதுபார்த்தால் நிலைக்காது என்ற பழைய எண்ணம் சரியல்ல என்று 2013இல் அனைத்துலக மருத்துவ இதழில் எழுதினார்கள். நம் நாட்டவர் செய்த வேலை. நமக்குத்தான் பாதி தெரியாது.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் என்னைவிட உயரம்.

இப்போது அம்மையாரின் நோய்க்கு வருகிறேன். அது வேறு. அங்கே சுண்ணாம்பு இதழிலும் இல்லை, மூலையிலும் இல்லை. கதவு பொருந்தியிருக்கும் நிலைச் சட்டத்தில், அதாவது வால்வின் வளையத்தில். பெரும்பாலும் பின்பக்கமாக, குதிரை லாடம் போல ஒரு கல் வளைவு உண்டாகும். அந்த இடத்தின் அக்கம்பக்கத்தை நீங்கள் அறிய வேண்டும். மேலறைச் சுவரும் கீழறைத் தசையும் சேரும் பள்ளம் அது. அந்தப் பள்ளத்துக் கொழுப்புக்குள்ளே இருதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் ஒரு தமனி ஓடுகிறது. கல் இருக்கும் வரை அதுவே அந்த இடத்தின் சுவர். கல்லை எடுத்தால் இரு அறைகளையும் சேர்த்துப் பிடிக்க அங்கே ஏதும் இல்லை.

பாரிஸைச் சேர்ந்த அலென் கார்ப்பென்டியே இதற்கு ஒரு வழி கண்டு, 1996இல் விரிவாக எழுதினார். இதழைச் சட்டத்திலிருந்து கழற்றி ஒதுக்குவது. கல்லைத் துண்டு துண்டாக நொறுக்காமல், அதைச் சுற்றியுள்ள உறையோடு ஒரே கட்டியாகப் பெயர்த்தெடுப்பது. பின் திறந்து கிடக்கும் பள்ளத்தை, மேலறை விளிம்பையும் கீழறை விளிம்பையும் சேர்த்துத் தைத்து மூடுவது. அதன் மேல் இதழை மறுபடி பொருத்தி, வளையம் தைப்பது. கனடாவின் டொரோண்டோவில் டைரோன் டேவிட், பள்ளத்தின் மேல் இருதய உறைத் துண்டைப் போர்த்தித் தைக்கும் முறையைக் கையாண்டார்.

அந்தக் கட்டுரையை நான் எத்தனை தடவை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. 2004இல் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு அவ்வாறு செய்தேன். 62 வயது, சிறுநீரகம் நல்ல நிலை, தசை உறுதி. இருதயத்தை நிறுத்திவைத்த நேரம் மட்டும் மூன்று மணிக்குச் சற்றுக் கூடுதல். என் சுண்டுவிரல் நீளத்துக்கு வளைந்த கல் ஒன்று முழுதாக வந்தது. அதை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். "முப்பது வருஷம் சாக்பீஸ் தூளைத் தின்னது வீண் போகலை" என்றார். சாக்பீஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

அடுத்த ஆண்டு அதே துணிச்சலில் இன்னொருவருக்குச் செய்தேன். இவர் ரத்தச் சுத்திகரிப்பில் இருந்தவர். கல் வளையத்தோடு நிற்காமல் தசைக்குள் வேர் விட்டிருந்தது. எடுத்தேன். தைத்தேன். இருதயம் மீண்டும் துடிக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் பின்பக்கத்திலிருந்து ரத்தம் ஊறியது. அந்தப் பள்ளம் பிளந்துவிட்டது. பார்ப்பதற்காக இருதயத்தைத் தூக்கினால் பிளவு பெரிதாகும், தூக்காவிட்டால் தெரியாது. இயந்திரத்தை மறுபடி ஓட்டி, மறுபடி திறந்து, என்னென்னவோ செய்தேன். மேசையிலேயே அவரை இழந்தேன். வெளியே அவருடைய மகள்கள் மூவரும் நின்றிருந்தார்கள். எவ்வளவு எடுக்க முடியும் என்று பார்த்தேனே தவிர, எவ்வளவை விட்டுவைக்கலாம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே ஈராண்டுகளுக்கு முன் அம்மையாரின் சி.டி. படங்களை நாங்கள் ஐவர் உட்கார்ந்து பார்த்தபோது, எல்லா வழிகளையும் எண்ணிப் பார்த்தோம். கல் ஏறக்குறைய முழு வட்டமாக இருந்தது, தசைக்குள்ளும் இறங்கியிருந்தது. கார்ப்பென்டியே முறைக்கு இடமில்லை. கல்லை விட்டுவைத்து அதன் மேலேயே வால்வு தைக்கலாமா? அதற்கும் நெஞ்சைத் திறந்து, பெருந்தமனியைக் கிடுக்கியால் அடைக்க வேண்டும். அந்தப் பெருந்தமனியே பீங்கான் குழாய் போலச் சுண்ணாம்பு பிடித்திருந்தது. அடைத்தால் உடையும், உடைந்த துணுக்கு மூளைக்குப் போகும். குழாய் வழியாக வால்வை விரித்துவிடலாமா? அளந்து பார்த்தோம். மைட்ரல் வாசலில் அதை விரித்தால், அது முன் இதழைத் தள்ளி, பெருந்தமனிக்கு ரத்தம் போகும் பாதையை அடைத்துவிடும். இடம் போதாது.

ஏழை என்பதற்காக எடுத்த முடிவல்ல அது. எத்தனை பெரிய செல்வந்தர் என்றாலும் அந்தப் படங்களைப் பார்த்து அதையே சொல்லியிருப்போம்.

அம்மையாரிடம் நான்தான் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சரி தம்பி. பணம் குடுத்தவங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார். தம் உயிரைப் பற்றிப் பேசும்போது அவருக்கு உங்கள் நினைவு.

சுத்திகரிப்பு நிலையத்தாரோடு பேசி, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரத்தை ஐந்தாக்கினோம். உடம்பில் தேங்கிய நீரை மெல்ல மெல்ல வடித்ததில் எடை மூன்று கிலோ இறங்கியது. உட்கார்ந்தே தூங்கியவர் படுத்துத் தூங்கினார். தைப்பூசத்தன்று நம் தண்ணீர்ப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மோர் வாங்க வந்தவர்களையெல்லாம் அதட்டிக்கொண்டிருந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். முடிவு செய்த நாளிலிருந்து பதினான்கு மாதம் இருந்தார். வீட்டில், தம் படுக்கையில், உறக்கத்தில் போனார்.

சேர்ந்த தொகை என்னவாயிற்று என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அம்மையார் உயிரோடு இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடும் குழுவின் தீர்மானத்தோடும், 19 வயதுப் பெண்ணொருத்தியின் மைட்ரல் வால்வைப் பழுதுபார்க்க அதில் ஒரு பகுதி கொடுக்கப்பட்டது. ருமாட்டிக் காய்ச்சலால் வந்த நோய், மூலையில் மட்டும் சுண்ணாம்பு. அறுவையைச் செய்தவர் என் மாணவர். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். மூன்றாவது மணி நேரத்தில் அவர் தலையை நிமிர்த்தி, கையுறை விரலில் ஒட்டியிருந்த கடுகளவு கட்டியை எனக்குக் காட்டினார். மீதித் தொகை நிதியிலேயே இருக்கிறது. விவரம் இம்மலரின் வரவு செலவுப் பக்கத்தில் உள்ளது.

இலை போட்டாகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.